சூட்டைச் சுமப்பது யார்?

மோட்டார் இஞ்சின் உறுப்புகளுக்குச் செராமிக் பூச்சுப் பூசித் தருகிற பட்டறைகளில், வாடிக்கையாளர் தம் வண்டியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் டர்போவின் டர்பைன் கூட்டையும் மேஜைமேல் இறக்கி வைத்த மறுகணம் அவர்முன் நீட்டப்படுவது பெரும்பாலும் ஒரு நிற அட்டைதான். வெள்ளியா, சாம்பலா, கறுப்பா என்று சற்றே யோசித்து, பானெட்டைத் திறந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு எது எடுப்பாயிருக்கும் என்ற ஒரே பிரமாணத்தைக் கொண்டு அவர் ஒன்றைத் தேர்ந்து, முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். அழகுணர்ச்சியைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் ஆயிரம் பாகையை நெருங்கும் உஷ்ணத்தோடு நடத்துகிற ஒரு விவகாரத்தில், அந்த உஷ்ணத்தை எங்கிருந்து எடுத்து எங்கே அனுப்பப் போகிறோம் என்ற கேள்வியே எழாமல் காரியம் முடிந்துவிடுவதுதான் விசித்திரம். எந்தப் பூச்சும் உஷ்ணத்தை நாசம் செய்வதில்லை. ஒருவன் தலையிலிருக்கும் சுமையை இறக்கி இன்னொருவன் தலையில் ஏற்றுகிறது. அவ்வளவே அதன் சக்தி. ஏற்றுக்கொள்கிறவனுக்கு வலு இருக்கிறதா என்று விசாரிக்கும் பொறுப்பு பூச்சைத் தேர்ந்தெடுக்கிறவனுடையது.

டர்போ என்ற யந்திரம் பிறந்ததே, வீணாகப் போகிற வெப்பத்தைப் பார்த்து மனிதனுக்கு ஏற்பட்ட ஆதங்கத்தினால்தான். எரிபொருளிலிருந்து கிடைக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. ஒரு பங்கைக் குளிர்நீர் வாங்கிக்கொள்ள, மற்றொரு பங்கு புகையோடு போகிறது. புகையோடு போவதை மறித்து ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் இஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டலாம் என்ற யோசனைக்கு ஆல்ஃபிரட் ப்யூகி என்ற சுவிஸ் இஞ்சினியர் 1905இல் காப்புரிமை பெற்றார். 1918இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த சான்ஃபோர்டு மாஸ், கொலராடோவிலுள்ள பைக்ஸ் சிகரத்தின்மேல், 14,000 அடி உயரத்தில், ஒரு லிபர்ட்டி விமான இஞ்சினை ஏற்றி நிறுத்தி, காற்று மெலிந்த அந்த இடத்திலும் டர்போவின் உதவியால் அது தன் பலத்தை இழக்காதென்று காட்டினார். 1962இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரும் செவர்லே கார்வேரும் அதைச் சாதாரண மனிதன் வாங்கும் காருக்குள் கொண்டுவந்தன. இன்று டைகுன், ஸ்லாவியா போன்ற வண்டிகளில் ஒரே லிட்டர் கொள்ளளவுள்ள இஞ்சின் டர்போவோடு வந்து நம் சாலைகளில் ஓடுகிறது. டர்போ என்ற சொல்லுக்கு இருந்த பழைய மிரட்டல் எல்லாம் தீர்ந்துவிட்டது.

மிரட்டல் தீர்ந்ததே தவிர உஷ்ணம் தீரவில்லை. டீசல் இஞ்சினில் டர்பைனுக்குள் நுழையும் வாயு சுமார் 800 பாகை சென்டிகிரேடு வரையில் இருக்கும். பெட்ரோல் இஞ்சினில், முழுப் பளுவில், 950 பாகையையும் தாண்டும். அந்த வாயுவின் பாதையிலிருக்கும் வார்ப்பிரும்பு இருட்டில் சிவந்து ஒளிரும். அதற்குச் சாண் தூரத்திலேயே ரப்பர்க் குழாய்களும், மின்கம்பி உறைகளும், இஞ்சினுக்குக் குளிர்ந்த காற்றைக் கொண்டுசெல்ல வேண்டிய பிளாஸ்டிக் குழாயும் குடியிருக்கின்றன. பூச்சு வியாபாரி இங்கே இரண்டு லாபங்களைச் சொல்கிறார்: வெப்பம் குழாய்க்குள்ளேயே நின்றால் டர்பைன் வேகமாகச் சுழலும் என்பது ஒன்று, வெளியிலிருக்கும் உறுப்புகள் பிழைத்துக்கொள்ளும் என்பது மற்றொன்று.

முதல் லாபத்தைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயம் சுருக்கமானது. டர்பைன் எடுத்துக்கொள்ளும் சக்தி, உள்ளே வரும் வாயுவின் முழு வெப்பநிலையை, அதாவது கெல்வின் கணக்கிலான வெப்பநிலையைப் பொறுத்தது. 950 பாகை சென்டிகிரேடு என்பது கெல்வினில் ஏறத்தாழ 1,220. பூச்சின் தயவால் வாயு 25 பாகை கூடுதல் சூட்டோடு வந்து சேர்ந்தது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், லாபம் நூற்றுக்கு இரண்டு. பந்தயத்தில் ஓடுகிறவனுக்கு இந்த இரண்டும் பெரிது. அலுவலகத்துக்குப் போய் வருகிறவனுக்கு அது டயரில் காற்றுக் குறைந்தால் போய்விடுகிற லாபம்.

இரண்டாவது லாபம்தான் ஆராயத்தக்கது; அங்கேதான் நாம் எல்லோரும் ஒரு மயக்கத்துக்கு ஆளாகியிருக்கிறோம். செராமிக் என்றால் வெப்பத்தைக் கடத்தாத பொருள், அதைப் பூசினால் வெப்பம் உள்ளே சிறைப்பட்டுவிடும் என்றே நாம் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை வேறாயிருக்கிறது. ஜோசஃப் ஸ்டெஃபான் 1879இல் கண்டறிந்து, அவருடைய மாணவராயிருந்த போல்ட்ஸ்மன் 1884இல் கோட்பாட்டு வழியில் நிறுவிய விதிப்படி, ஒரு பொருள் வீசும் கதிர்வெப்பம் அதன் கெல்வின் வெப்பநிலையின் நான்காவது படியைப் பொறுத்தது. 800 பாகை சென்டிகிரேடில் இருக்கும் முற்றிலும் கரிய மேற்பரப்பு, சதுர மீட்டருக்கு 75,000 வாட் வீசும். துருவேறிய வார்ப்பிரும்பின் உமிழ்திறனை, அதாவது கரிய பரப்பு வீசுவதில் எத்தனை பங்கை அது வீசும் என்பதை, 0.8 என்று கொண்டால் அது 60,000 ஆகும். இப்போது அதன்மேல் மெல்லிய செராமிக் பூச்சு ஒன்று, 50 மைக்ரான் கனத்தில், அதாவது தலைமயிரின் பருமன் அளவுக்கு, பூசப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஸிர்கோனியா போன்ற பொருள் தெளிப்புப் பூச்சாக அமையும்போது அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, பாகைக்கு, சுமார் 1 வாட். அந்த 60,000 வாட்டும் இந்தப் படலத்தைக் கடந்து செல்லும்போது அதன் இருபுறத்துக்கும் இடையே ஏற்படும் வெப்பநிலை வித்தியாசம் மூன்று பாகை! 300 மைக்ரான் கனமுள்ள பிளாஸ்மாப் பூச்சாயிருந்தாலும் பதினெட்டு பாகைதான். சிறை என்று நாம் எண்ணியது கதவில்லாத அறை.

அப்படியானால் பூச்சுப் பூசிய மேனிஃபோல்டின் பக்கத்தில் கை வைத்தவர்கள் வெக்கை குறைந்திருப்பதாகச் சொல்கிறார்களே, அது பொய்யா என்றால், பொய்யில்லை. அலுமினியத் துகள் கலந்து மெருகேற்றிய வெள்ளிநிறப் பூச்சின் வேலை தடுப்பதன்று, வீசாமல் இருப்பது. மேற்பரப்பின் உமிழ்திறன் 0.8இலிருந்து 0.3க்கு இறங்கினால், அதே சூட்டிலும் கதிர்வெப்பம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஆக, கனத்தைவிட மேற்பரப்பின் ஸ்வபாவமே இங்கே பிரதானம். நிற அட்டையை நீட்டிய பட்டறைக்காரர் தம்மையறியாமலே சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் பதில் சொன்னவருக்கும் அது தெரியாது. மங்கலான கறுப்புப் பூச்சைத் தேர்ந்துகொண்டு வெக்கை குறையுமென்று காத்திருப்பவர் நெடுங்காலம் காத்திருக்க வேண்டிவரும்.

இந்த இடத்தில் ஓர் உபகரணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். துப்பாக்கி வடிவத்தில் கையிலெடுத்துக் குறிபார்க்கிற அகச்சிவப்பு வெப்பமானி இன்று மலிவாகக் கிடைக்கிறது. பூச்சுக்கு முன்னும் பின்னும் குழாயைக் குறிபார்த்து, இருநூறு பாகை குறைந்துவிட்டது பார் என்று காட்டுவது விற்பனையில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அந்த உபகரணம் சூட்டை நேரடியாக அளப்பதில்லை. வருகிற கதிரை அளந்து, மேற்பரப்பின் உமிழ்திறன் சுமார் 0.95 என்று தானே ஊகித்துக்கொண்டு, அதிலிருந்து சூட்டைக் கணக்கிடுகிறது. கதிர் குறைவாக வீசும் பளபளப்பான பரப்பைக் காட்டினால் அது உள்ளதைவிடக் குறைத்துத்தான் சொல்லும். குழாய் பழைய சூட்டிலேயே, ஏன், அதைவிட அதிகச் சூட்டிலேயே இருக்கும். உபகரணம் மட்டும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்.

அதிகச் சூட்டிலே என்று சொன்னது விளையாட்டுக்கன்று. வெளிப்புறம் வெப்பத்தை வீசாமல் நின்றால், உள்ளேயிருந்து வருவதை வாங்கிக்கொண்டு இடையில் அகப்பட்டிருக்கும் உலோகம் முன்னிலும் சூடாகத்தானே வேண்டும்? சுமை இங்கே இரும்பின் தலையில் ஏறுகிறது. கண்ணாடி இழை நாடாவை மேனிஃபோல்டின்மேல் இறுகச் சுற்றுகிறவர்கள் இதே காரியத்தை இன்னும் தீவிரமாகச் செய்கிறார்கள். அந்த நாடா ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்வதால் உருக்குக் குழாய் அதற்குள்ளேயே மௌனமாக அரித்துப்போவதும் உண்டு. டர்பைன் கூட்டுக்குக் கம்பளம்போல் உறை மாட்டிவிட்டால், ஓடிவந்த வண்டியை நிறுத்தியபின் வெளியேற வழியில்லாத சூடு அச்சின் வழியே நடுப்பாகத்துக்குத் திரும்பி, பேரிங்குகளில் தேங்கி நிற்கும் எண்ணெயைக் கரியாக்கப் பார்க்கும். நடுப்பாகத்துக்கு நீர்க்குளிர்ச்சி உள்ள டர்போ அதைச் சமாளிக்கும். இல்லாதது எண்ணெயைப் பலி கொடுக்கும். நிக்கல் கலந்த நல்ல வார்ப்பாயிருந்தால் கூடும் சூட்டை இரும்பு பொறுத்துக்கொள்ளும். மலிவான மெல்லிய குழாய்களைப் பற்றவைத்துச் செய்த மேனிஃபோல்டு பற்றின இடத்தில் விரிசல் விடும். ஆகையால் பூச்சைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அடியிலிருக்கும் உலோகம் எது என்று கேட்பதே முறை.

இனி அந்தப் பூச்சுப் பொருளின் வமிச வரலாற்றுக்குச் சற்றே ஒதுங்கிப் போகலாம். அது கொஞ்சம் சுவாரஸ்யமானது. 1789இல் மார்ட்டின் கிளாப்ராத் என்ற ஜெர்மானிய ரசாயன அறிஞர், இலங்கையிலிருந்து சென்ற ஸிர்கான் ரத்தினக் கல் ஒன்றைச் சோதித்து, அதுவரை அறியப்படாத ஓர் ஆக்ஸைடை அதில் கண்டார். அதுவே ஸிர்கோனியா. அதே ஸிர்கான் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட்டோடும் மோனஸைட்டோடும் கலந்து கிடக்கிறது. தூத்துக்குடிக்கு அருகே பழையகாயலில் அணுசக்தித் துறையின் ஆலை ஸிர்கோனியம் ஆக்ஸைடைத் தயாரிக்கிறது. நகைக்கடையில் அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கும் கல்லும், டர்போக் குழாயின்மேல் தெளிக்கப்படும் வெண்பொடியும் ஏறத்தாழ ஒரே பொருள்தான். இரண்டுக்கும் ஒரே வைத்தியம்கூட நடந்திருக்கிறது. தூய ஸிர்கோனியா 2,700 பாகை வரையில் உருகாத வீரியமுள்ளது. ஆனால் சுமார் 1,170 பாகையில் அதன் படிக அமைப்பு மாறுகிறது, ஆறும்போது திரும்பவும் மாறி நூற்றுக்கு நான்கைந்து பங்கு பருத்துத் தன்னைத்தானே பொடியாக்கிக்கொள்கிறது. யிட்ரியா என்ற வேறோர் ஆக்ஸைடைச் சிறிதளவு சேர்த்தால் இந்தச் சித்தப்பிரமை அடங்குகிறது.

எவ்வளவு சேர்ப்பது என்பதை நிர்ணயித்தது மோட்டார் தொழில் அன்று, ஆகாய யாத்திரை. எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானத்தின் இஞ்சினில் வாயு வெளியேறும் வாய்க்கு 1960களின் தொடக்கத்திலேயே ஸிர்கோனியாப் பூச்சு உண்டு. 1976இல் கிளீவ்லண்டிலிருக்கும் நாஸா ஆய்வுக்கூடத்தார் பூச்சுப் பூசிய டர்பைன் இலைகளை ஜெட் இஞ்சினிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே ஸ்டீஃபன் ஸ்டெக்கூரா, எடையில் நூற்றுக்கு ஆறு முதல் எட்டுப் பங்கு யிட்ரியாவே உத்தமம் என்று கண்டார். அன்றைக்கு அவர் கண்ட அளவைத்தான் இன்றும் உலகம் கையாளுகிறது. பூசும் முறையும் அசாதாரணமானது. பல ஆயிரம் பாகை உஷ்ணமுள்ள பிளாஸ்மாச் சுடருக்குள் பொடியைத் தூவ, அது உருகிப் பறந்து உலோகத்தில் மோதி, தட்டையான திவலைகளாகப் படிந்து உறைகிறது. திவலைகளுக்கிடையே கணக்கற்ற நுண்ணிய இடைவெளிகளும் கீறல்களும் தங்கிவிடுகின்றன. வேறெந்தத் தொழிலிலும் மட்டமான வேலை என்று ஒதுக்கத்தக்க இந்தக் கீறல்களே இங்கே குணம்: வெப்பம் அவற்றைத் தாண்ட முடியாமல் திணறுகிறது, உலோகம் விரியும்போது பூச்சு உடையாமல் நெகிழ்ந்துகொடுப்பதும் அவற்றால்தான். குறையற்ற அடர்த்தியான ஸிர்கோனியாவாயிருந்தால் முதல் நாளே உரிந்து விழுந்திருக்கும்.

விரிவைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கணக்கைக் கவனிக்கலாம். 400 மில்லிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு 800 பாகை சூடேறினால் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளும். துருப்பிடிக்காத உருக்கு ஐந்தரை மில்லிமீட்டர் நீளும். ஸிர்கோனியா மூன்றரைக்குச் சற்றுக் குறைவு. வார்ப்பிரும்போடு பூச்சு ஒத்து வாழ்வதற்கும், மற்றதோடு அடிக்கடி பிணங்குவதற்கும் இதுவே காரணம். இடையில் நிக்கலும் குரோமியமும் அலுமினியமும் சேர்ந்த ஒரு பிணைப்புப் படலத்தைப் போட்டுச் சமாதானம் செய்கிறார்கள். அதையும் போடாமல், பழைய இரும்பின் நுண்துளைகளில் ஊறிப்போன எண்ணெயைச் சுட்டு வெளியேற்றாமல், மணலூதிச் சுரசுரப்பாக்காமல் பூசித் தருகிறவரிடம் எந்தப் பொடி இருந்தாலும் பயனில்லை.

இவ்வளவும் இஞ்சினுக்கு வெளியே. உள்ளே போனால் கணக்குத் தலைகீழாகிறது. எரியறையில் பிஸ்டன் தலைமேல் பாயும் வெப்பம், முழுப் பளுவில், சதுர மீட்டருக்குப் பத்து லட்சம் வாட் என்ற வரிசையை எட்டக்கூடியது. அங்கே அதே 300 மைக்ரான் பூச்சு நூற்றுக்கணக்கான பாகையைத் தடுத்து நிறுத்திவிடும். இதைக் கண்ட இஞ்சினியர்களுக்கு ஒரு பேராசை பிறந்தது. 1970களின் பிற்பகுதியிலிருந்து கம்மின்ஸ் கம்பெனியின் ராய் காமோவும் அமெரிக்க ராணுவ வாகன ஆய்வுப் பிரிவின் வால்டர் பிரிசிக்கும், சுவரின் வழியே வெப்பமே கசியாத டீசல் இஞ்சினைச் செய்யப் புறப்பட்டார்கள். எரியறை முழுவதற்கும் செராமிக் காப்பு. நீர் இல்லை, ரேடியேட்டர் இல்லை, விசிறி இல்லை. போர்க்களத்தில் ரேடியேட்டரில் ஒரு குண்டு பட்டால் வண்டி நின்றுவிடும் என்று பயந்த ராணுவத்துக்கு இதைவிடச் சந்தோஷம் வேறென்ன? 5 டன் ராணுவ லாரி ஒன்றில் அந்த இஞ்சினைப் பொருத்தி ஓட்டியும் காட்டினார்கள்.

ஓடியது உண்மை; எதிர்பார்த்த மிச்சம் மட்டும் கைக்கு வரவில்லை. சுவர் விழுங்காமல் விட்ட வெப்பத்தில் பெரும்பகுதி வேலையாக மாறாமல் புகையோடு போய்விட்டது. அதைப் பிடிக்க மறுபடியும் ஒரு டர்பைனைப் பின்னால் வைக்க வேண்டியதாயிற்று. உள்ளே வரும் புதுக்காற்று சூடான சுவரைத் தொட்டு விரிந்து, அளவில் குறைந்தது. பிஸ்டன் வளையங்களருகே எண்ணெய் நிற்க மறுத்தது. 1987இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோஷ்னியும் அவர் கூட்டாளிகளும் தங்கள் சோதனையில், சுவர் மிகுந்த சூடானால் தீ அதை இன்னும் நெருங்கி வந்து எரிகிறது, அதனால் வெப்பம் முன்னிலும் தாராளமாகச் சுவருக்குள் பாய்கிறது, எரிபொருள் செலவு கூடவே செய்கிறது என்று கண்டு சொன்னார்கள். அதை மறுத்தவர்களும் இருந்தார்கள். வாதம் முடிவதற்குள் உற்சாகம் முடிந்துவிட்டது.

அந்தத் தோல்வியைப் பாடமாகக் கொண்டதாக எனக்குத் தோன்றுவது, 2015இல் டொயோட்டா தன் 2.8 லிட்டர் டீசல் இஞ்சினில் செய்த காரியம். ஃபார்ச்சூனரில் நாம் பார்க்கிற அதே இஞ்சின் குடும்பம்தான். பிஸ்டன் தலையில், நுண்துளைகள் நிறைந்த அலுமினிய ஆக்ஸைடுப் படலத்தைச் சிலிக்காவால் உறுதிப்படுத்தி வைத்தார்கள். அதன் நோக்கம் சுவரை எப்போதும் சூடாக வைத்திருப்பதன்று. எரியும் கணத்தில் வாயுவோடு சேர்ந்து சட்டென்று சூடேறி, புதுக்காற்று நுழையும் கணத்துக்குள் சட்டென்று ஆறிவிடுவது. கடத்தாத குணத்தோடு, சூட்டைச் சேமித்து வைக்காத குணமும் வேண்டும் என்பதை உணர இத்தனை ஆண்டுகள் ஆயின. கடையில் வாங்கிப் பிஸ்டனுக்குப் பூசிக்கொள்ளும் பூச்சுக்கு இந்த இரண்டாவது குணம் இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. டர்போ வைத்த பெட்ரோல் இஞ்சினில் சூடு பிடித்த பிஸ்டன் தலை, தீப்பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைத்து நாக்கிங்கை வரவழைத்துவிடலாம். தேர்ந்த கையொன்று இஞ்சினை அதற்கேற்ப டியூன் செய்யாதவரையில் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே விவேகம்.

மேனிஃபோல்டின் உட்புறம் பூசலாமா என்றால், தத்துவப்படி அதுவே சரியான இடம். இரும்பின் சுமை அங்கேதான் குறையும். ஆனால் நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்குமேல் சுழலும் டர்பைன் சக்கரம் அடுத்தாற்போல் இருக்கிறது. பூச்சிலிருந்து பெயர்ந்த ஒரு சிறு செதில் போதும், அதன் இலைகளைச் சிதைத்துவிடும். டர்பைனுக்கு அப்பால் வரும் டவுன்பைப்புக்கு இந்த ஆபத்து இல்லை. அங்கே உள்ளும் புறமும் தாராளமாகப் பூசிக்கொள்ளலாம். இன்டர்கூலருக்கு வெப்பத் தடுப்புப் பூச்சுப் பூசுகிறவர்களும் உண்டு. சூட்டை வெளியே விடுவதற்கென்றே செய்த ஓர் உறுப்பின் வாயைக் கட்டுகிற அந்தக் காரியத்தைப் பற்றி வாதிக்க ஒன்றுமில்லை.

டைகுன் வகை இஞ்சினைச் செய்தவர்கள் இந்தப் பிரச்சினைக்கு வேறொரு தீர்ப்பு வழங்கியிருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை சிலிண்டர் தலையோடு ஒரே வார்ப்பாக்கி, அதைச் சுற்றி நீரை ஓடவிட்டு, சுமையை நீரின் தலையில் ஏற்றிவிட்டார்கள். டர்பைனுக்குக் கொஞ்சம் வெப்பம் நஷ்டம். ஆனால் வாயுவைக் குளிர்விக்க வேண்டி முழுப் பளுவில் அதிகப்படியாகப் பெட்ரோலைக் கொட்டிய பழைய வழக்கத்துக்கு அவசியம் குறைகிறது, காலையில் இஞ்சினும் விரைவில் சூடாகிறது. அத்தகைய வண்டிக்குப் பூச்சு வேண்டுமென்று வருகிறவருக்கு, பூசுவதற்கு அங்கே அதிகம் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு தனியே நிற்கிற வண்டிக்கு என் யோசனை இது. முதலில் மெல்லிய தகடு ஒன்றை, விரலிடை காற்று விட்டு, குழாய்க்கும் பக்கத்து உறுப்புகளுக்கும் நடுவே நிறுத்துவது. ஒத்த உமிழ்திறனுள்ள ஒரே ஒரு தகடு கணக்குப்படி கதிர்வெப்பத்தைப் பாதியாக்கும், செலவும் சொற்பம். அதன்பிறகும் தேவைப்பட்டால் மேனிஃபோல்டின் வெளிப்புறத்துக்கும் டவுன்பைப்புக்கும் பளபளப்பான மெல்லிய பூச்சு. அதுவும் அந்த வகைப் பூச்சு தாங்கும் உச்ச வெப்பநிலை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டபிறகு. அலுமினியம் கலந்த வெள்ளிப் பூச்சுகள் பல 700 பாகைக்குமேல் நிறம் மங்கிப் போகின்றன. நிறம் மங்கினால் அவற்றின் வேலையும் போயிற்று. டர்பைன் கூட்டைப் பூசக் கொடுக்கும்போது சக்கரம் சுழலும் உட்பரப்பையும், மூட்டுகள் பொருந்தும் முகங்களையும் மூடிவிட்டுப் பூசச் சொல்ல வேண்டும். பலன் தெரிய வேண்டுமானால் துப்பாக்கி வெப்பமானியைக் குழாய்மீது குறிபார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு சாதாரண தெர்மோகப்பிள் கம்பியைப் பக்கத்திலுள்ள காற்றுக் குழாயில் கட்டி, ஒரே சாலையில், ஒரே வேகத்தில், பூச்சுக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் ஓட்டிப் பார்த்து, நிறுத்திய பிறகு கால்மணி நேரம் வரையிலும் அதன் எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது.